தீக்குச்சிக்குத் தெரியாத நீலம்

திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு டேப்பும் கத்தரிக்கோலும் மாதிரி தீப்பெட்டியும் ஒரு தொழில் கருவி. "அக்கா, இது சுத்தக் காட்டன்தானா பாருங்க. கடைக்காரரு அடிச்சு சொன்னாரு" என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓரத்தில் இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுவேன். நூல் உருகிக் கறுப்பு உருண்டையாகச் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் அது பாலியஸ்டர். முடி கருகிய வாடை வந்தால் பட்டு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்துச் சிறுவந்தாட்டுப் பட்டுப் புடவையை எரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது என்பது வேறு விஷயம். காகிதம் எரிகிற வாடையோடு சட்டென்று பிடித்து, விரலில் தேய்த்தால் மாவாக உதிரும் சாம்பல் மிஞ்சினால், அது செடியிலிருந்து வந்த நார்.

இதுவரைக்கும் தீக்குச்சி பொய் சொல்லாது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 'பசுமை ஆடை', 'இயற்கைத் துணி' என்று இப்போது கடைகளில் தொங்கும் அட்டைகளைப் படிக்கும்போதெல்லாம், கேட்க வேண்டிய பாதிக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நூல் எது என்று கேட்கிறோம். அதில் ஏறியிருக்கிற நிறம் எது, அந்தச் சாயத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்பதில்லை.

மரத்திலிருந்து வந்த குர்தி

முதலில் நூலைப் பார்ப்போம். பருத்தி, சணல், வாழை நார், கற்றாழை நார் எல்லாவற்றின் உடம்பும் செல்லுலோஸ் என்ற ஒரே பொருள்தான். பருத்திப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே. வியர்வையைக் குடிக்கிறது, காற்று விடுகிறது, மண்ணில் புதைத்தால் மக்குகிறது. ஆனால் உலகம் இன்று உடுத்துவது பெரும்பாலும் இதை இல்லை. 2023ஆம் ஆண்டு உலகில் உற்பத்தியான நாரும் இழையும் சுமார் 12.4 கோடி டன். அதில் பாதிக்கு மேல், 57 சதவீதம், பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியஸ்டர். பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பதுதான் இப்போது எல்லாப் பெண்களும் வாங்கும் ரேயான் குர்தி. கடையில் அதை 'ரேயான் காட்டன்' என்றுகூடச் சொல்லி விற்கிறார்கள். தீக்குச்சியிடம் கொடுத்தால் பருத்தி மாதிரியேதான் எரியும், ஏனென்றால் அதுவும் செல்லுலோஸ்தான். எங்கள் பக்கத்தில் சவுக்கும் தைலமரமும் வெட்டி லாரியில் காகித ஆலைக்குப் போவதைத் தினமும் பார்க்கலாம். அதே மாதிரி மரக்கூழை, கார்பன் டை சல்பைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்துக் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாகப் பீய்ச்சி நூலாக்கினால் ரேயான். விஸ்கோஸ் என்பதும் அதன் பெயர்தான். அந்த ரசாயனம் தொழிலாளரின் நரம்பைத் தாக்கும். கழிவு ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை மாவட்டம் சிறுமுகையே சாட்சி. அங்கிருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுத்ததால் மக்கள் திரண்டு போராடினார்கள். கடைசியில் ஆலை மூடிக் கிடந்தது. இன்று கழிவையும் ரசாயனத்தையும் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகளும் இருக்கின்றன. எந்த ஆலை எப்படி நடக்கிறது என்று குர்தியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

'மூங்கில் துணி' என்று விற்கும் சாக்ஸும் பனியனும் பெரும்பாலும் இதே கதைதான். மூங்கிலைக் கூழாக்கிச் செய்த ரேயான். இதை மூங்கில் என்று சொல்லிப் பசுமைப் பொருளாக விற்றதற்காக, அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2022இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடைத் தொடர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. இரண்டுமாகச் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது.

ஆக, செடியிலிருந்து வந்தது என்பது தொடக்கம் மட்டுமே.

வெள்ளைப் பஞ்சும் உப்புத் தண்ணீரும்

பருத்தியே ஆனாலும் அதைக் காடாத்துணியாக யாரும் உடுத்துவதில்லை. நிறம் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

தண்ணீரில் நனைந்த பருத்தி, சாயத்தைத் தானாக வாங்கிக்கொள்ளாது. இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம் இருப்பதால் பருத்தி சாயத்தைத் தள்ளிவிடும். அதை அடக்கி, சாயத்தை நூலுக்குள் அனுப்புவதற்காகச் சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயத்திலும் ஒரு பகுதி நூலில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். துணி அழகாக வெளியே வந்துவிடும். உப்பும் மிச்சச் சாயமும் எங்கே போகும்?

திருப்பூரில் அது நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுக் குளமானது. கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு, கழிவு நீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை நடத்தலாம் என்ற நிலை வந்தது. இந்தியாவின் பின்னலாடைத் தலைநகரில் இன்று தயாராகும் டி-ஷர்ட் அந்தச் செலவையும் சுமந்துதான் வருகிறது. அப்போதும் பிரித்தெடுத்த உப்புக் கழிவை எங்கே வைப்பது என்ற தலைவலி தீரவில்லை.

அந்த டி-ஷர்ட்டில் 'நூறு சதவீதம் காட்டன்' என்று எழுதியிருக்கும். எழுதியது உண்மைதான். உப்பைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஆயா அறுத்த தழை

நிறத்தைச் செடியிலிருந்தே எடுக்க முடியாதா என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது: அவுரி.

திண்டிவனம், மயிலம் சுற்றுவட்டாரத்தில் மணிலா என்கிற வேர்க்கடலையும் நெல்லும் கரும்பும்தான் வெளியாருக்குத் தெரிந்த பயிர். மணிலா ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திண்டிவனம் என்றால் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம், 'டி.எம்.வி.' என்று ஆரம்பிக்கும் ரகங்களின் முதல் எழுத்தே ஊர்ப்பெயர்தான். அதே செம்மண்ணில் அவுரியும் விளைகிறது என்று சொன்னால், ஊர்க்காரர்களே "எது, தலைக்குப் போடற பொடிக்கா?" என்று கேட்பார்கள். அதற்கும்தான். ஆனால் திண்டிவனத்திலிருந்து நீலக் கட்டியாக மாறி வெளிநாட்டுச் சாயக் கலைஞர்கள் வரைக்கும் போவதும் இதே இலைதான். கே.எம்.ஏ. எக்ஸ்போர்ட்ஸ் என்ற திண்டிவனத்து நிறுவனத்தின் பெயர், இயற்கைச் சாயம் போடுகிறவர்களிடையே கடல் தாண்டியும் தெரிந்த பெயர்.

என் ஆயா கூலிக்கு அவுரி அறுக்கப் போனவர். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை தெரியும். இடுப்புயரச் செடி. சின்னச் சின்ன இலை. பூ எடுக்கும் தருவாயில், அடிக்கட்டையை விட்டுவிட்டு அறுக்க வேண்டும். கட்டை மறுபடி தழைக்கும், இன்னொரு அறுப்புக் கிடைக்கும். அறுத்த தழை வாடக் கூடாது. "வாடிப்போனா நீலம் ஓடிப்பூடும்டீ, வெயில் ஏற்றதுக்குள்ள தொட்டிக்குப் போய்ச் சேரணும்" என்பார். அதனால் அறுப்பு எப்போதும் விடியலில்.

தொட்டிகள் மேலும் கீழுமாக இருக்கும். மேல் தொட்டியில் தழையை அடுக்கி, மேலே கட்டையைப் பாரம் வைத்து, தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊற வைப்பார்கள். இலைக்குள் நீலம் என்று ஒன்று கிடையாது. இண்டிகன் என்ற நிறமில்லாத பொருள்தான் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஊறும்போது புளித்து, அந்தச் சர்க்கரை பிரிகிறது. மறுநாள் அந்த மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிடுவார்கள். அப்புறம்தான் பெரிய பாடு. ஆண்கள் தொட்டியில் இறங்கி, வரிசையாக நின்று, மணிக்கணக்கில் காலால் உதைத்துத் தண்ணீரைக் கலக்குவார்கள். காற்று படப்பட, பிரிந்து நின்ற பொருள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிறது. பச்சை நுரை மெல்ல நீல நுரையாகும். கலக்குவதை எப்போது நிறுத்துவது என்று நுரையைப் பார்த்தே சொல்லிவிடும் ஆள் ஒவ்வொரு தொட்டிக்கும் இருப்பார்.

நீலம் தண்ணீரில் கரையாது, அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்து வயலுக்கு விட்டு, அடியில் நிற்கும் குழம்பைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, துண்டு போட்டு நிழலில் உலர்த்தினால் நீலக் கட்டி. நூற்றுக்கணக்கான கிலோ பச்சைத் தழைக்கு ஒரு கிலோ கட்டி தேறினால் பெரிது. சக்கைத் தழை உரமாக மறுபடி நிலத்துக்கே போகும். அவுரி பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து வைப்பதால், அடுத்து விதைக்கும் பயிருக்கும் லாபம்.

பச்சையாக ஏறி நீலமாக மாறுவது

கரையாத பொருளைத் துணியில் எப்படி ஏற்றுவது? நம்மூர் முறையில், கட்டியை அரைத்துச் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் புளிக்க வைப்பார்கள். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துவிட, நீலம் கரைந்து மஞ்சள் பச்சையாக மாறும். தோசை மாவு மாதிரி, குளிர் நாளில் அது சோம்பிவிடும். கவனிக்காமல் விட்டால் கெட்டும் போகும். துணியை முக்கி எடுக்கும்போது பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டதும் கண் எதிரே நீலமாகும். அடர் நீலம் வேண்டுமானால் திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டும்.

இதில் பருத்திக்கு உப்பு வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற பல இலை, பட்டைச் சாயங்களுக்குத் தேவைப்படும் படிகாரம் மாதிரியான பிடிப்புப் பொருளும் வேண்டாம். 'இயற்கைச் சாயம்' என்ற பெயரில் மயில்துத்தம் மாதிரி உலோக உப்புகளைக் கொட்டுகிறவர்களும் உண்டு. இயற்கை என்ற சொல்லும் முழு உத்தரவாதம் ஆகாது. அவுரியிலேயே குறுக்கு வழி இருக்கிறது. புளிக்க வைக்கப் பொறுமையில்லாத பட்டறைகள் 'ஹைட்ரோஸ்' என்ற ரசாயனத்தைப் போட்டு உடனே கரைத்துவிடும். கட்டி செடியிலிருந்து வந்திருக்கும், கழிவுத் தண்ணீரோ ஆலைக் கழிவு மாதிரியே இருக்கும்.

தாழி முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லின் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' பட்டறை, நீலத்தைப் புளிக்க வைத்தே சாயம் போடுவதற்குப் பெயர் பெற்றது. அங்கேயே 1997இல் உமா பிரஜாபதி தொடங்கிய 'உபாசனா' வடிவமைப்பு நிலையம், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பஞ்சு விளைவிக்கும் விவசாயிகளோடு சேர்ந்து, 'பருத்தி' என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடத்தியது. சிறிய முயற்சிகள்தான். ஆனால் நூல், சாயம், தைப்பவர் கூலி மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கிற முயற்சிகள்.

கப்பலேறிய நீலம்

இது புதிதாக வந்த பசுமை மோகம் என்று நினைத்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரையின் நீலத் துணிக்கு நீண்ட வரலாறு உண்டு. புதுச்சேரியில் நீலம் தோய்த்த துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது உடையாக மட்டும் இருக்கவில்லை. அரபுப் பிசின் வாங்கக் காசாகவே புழங்கியது. புதுச்சேரியைச் சுற்றியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தின் முக்கியமான அவுரிப் பிரதேசங்களில் ஒன்று. வங்காளத்திலும் பீகாரிலும் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தி அவுரி போட வைத்தார்கள். 1859இல் வங்கத்தில் வெடித்த கலகமும், 1917இல் காந்தி போன சம்பாரண் போராட்டமும் அதனால் வந்தவை. நம் பக்கம் பெரும்பாலும் குடியானவர்களே பயிரிட்டு விற்றார்கள்.

இந்தத் தொழிலைச் சாய்த்தது ஜெர்மன் வேதியியல். அடால்ஃப் ஃபான் பேயர் நீலத்தின் மூலக்கூறு அமைப்பை 1883இல் கண்டுபிடித்தார். சாயங்கள் பற்றிய ஆய்வுக்காக 1905இல் நோபல் பரிசு பெற்றார். பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் 19,000 டன். 1914இல் அது 1,000 டன். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது அவுரிக்குச் சில வருடம் உயிர் வந்தது. போர் முடிந்ததும் அதுவும் போயிற்று.

ஆலை நீலமும் அவுரி நீலமும் மூலக்கூறு அளவில் ஒன்றேதான். வித்தியாசம் பிறந்த இடத்தில். ஒன்று பெட்ரோலிய வழியில், நஞ்சான இடைப்பொருள்களைக் கடந்து வருகிறது. மற்றது தழையும் தண்ணீரும் காற்றும் சேர்ந்து வருகிறது.

வெளுத்ததற்குக் கூடுதல் விலை

செயற்கை நீலத்தின் பெரும் பகுதி எங்கே போகிறது? ஜீன்ஸுக்கு. பாவு நூலை மட்டும் நீலத்தில் முக்கி, ஊடையை வெள்ளையாக விட்டு நெய்வதுதான் டெனிம். நீலம் நூலின் மேற்பரப்பில்தான் வளையமாக நிற்கும், உள்ளே வெள்ளைதான். அதனால் உடுத்த உடுத்த முட்டியும் பையோரமும் தேய்ந்து வெளுக்கும். அந்த வெளுப்புதான் அழகென்று ஆனதும் ஒரு கூத்து நடந்தது. புதுத் துணியை ஆலையிலேயே கல்லோடு போட்டு உருட்டி, ரசாயனம் தெளித்து, மணலைப் பீய்ச்சி அடித்துப் பழசாக்கினார்கள். மணல் பீய்ச்சிய தொழிலாளர்களின் நுரையீரலில் சிலிக்கா தூள் படிந்து பலர் இறந்ததால் துருக்கி அரசு 2009இல் அதைத் தடை செய்தது. சாயம் போகிறது என்று ஜவுளிக் கடைக்காரரிடம் சண்டை போட்டது என் அம்மா காலம். சாயம் போன துணியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது என் வாடிக்கையாளர்கள் காலம்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதை நம்மிடமும் உண்டு. 1950களின் கடைசியில் நம் கைத்தறிக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி அமெரிக்கா போனது. துவைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. முதலில் வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். 'சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்ததும், அதுவே மோகமாகிவிட்டது. அந்தத் துணி உடுத்தித் துவைத்து வெளுத்தது. இன்றைய ஜீன்ஸ், உடுத்துவதற்கு முன்பே தன் ஆயுளில் பாதியை ஆலையில் தொலைத்துவிட்டு வருகிறது. கிழிந்த ஜீன்ஸோடு என்னிடம் வருகிற பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்: "நீ கிழிக்கல தம்பி, கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிழிச்சு அனுப்பிட்டாங்க."

ஐந்து விழுப்புரம்

அப்படியானால் எல்லா ஜீன்ஸுக்கும் அவுரி நீலம் போட்டுவிடலாமே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1897இல் 19,000 டன்னுக்காக உலகில், பெரும்பாலும் இந்தியாவில், அவுரி நின்ற நிலம் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி பிரிந்த பிறகான இன்றைய விழுப்புரம் மாவட்டம் சுமார் 3,700 சதுர கிலோமீட்டர். இப்போது உலகம் ஆண்டுக்குச் செலவழிக்கும் செயற்கை நீலம் 50,000 டன்னையொட்டி இருக்கிறது. அன்றைய விளைச்சலையே வைத்துக்கொண்டால், முழு விழுப்புரம் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு நிலத்தில், வீடு, சாலை, ஏரி எதுவும் இல்லாமல், அவுரி மட்டுமே நிற்க வேண்டும். நெல்லும் மணிலாவும் எங்கே விளையும்?

இன்றைய வேகத்தில் துணி வாங்கிக்கொண்டே சாயத்தை மட்டும் இலைக்கு மாற்றிவிட முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வாழை நாரோ மூங்கிலோ எதை எடுத்தாலும் இதே கணக்கு வந்து நிற்கும். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரில் புடவையே நெய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய கைகள் அவை. அந்தத் திறமையை நம்பி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். வாரம் ஒரு புடவை வாங்குகிற பழக்கத்துக்கு அது ஈடுகொடுக்காது, ஈடுகொடுக்கவும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு, கூலிக் கணக்கு. கால் கடுக்கத் தொட்டி கலக்கியவருக்கும் விடியலில் குனிந்து தழை அறுத்த பெண்ணுக்கும் எவ்வளவு போகிறது என்று எந்தப் பசுமை அட்டையும் சொல்வதில்லை. ஆயா அறுத்த தழையின் நீலத்தில் தோய்த்த புடவை ஒன்றை அவர் கடைசி வரை உடுத்தியதில்லை. வெளிநாட்டில் பெரிய விலைக்கு விற்கும் நீலச் சட்டையின் விலையில் அந்தக் கூலி உயர்ந்திருந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம் இருக்கிறது.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். 'பசுமை' என்று எழுதிய துணியை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நூல் எது? சாயம் எது, எதைப் போட்டு ஏற்றினீர்கள்? சாயத் தண்ணீர் எங்கே போகிறது? மூன்றுக்கும் பதில் சொல்கிற கடையில் விலை கூடுதலாகத்தான் இருக்கும். அதில் ஒன்று வாங்குவதற்குப் பதில், பதில் சொல்லாத கடையில் நான்கு வாங்கினால் செலவு அநேகமாக ஒன்றேதான்.

நீலத் துணி வைத்திருக்கிறவர்களுக்குத் தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, சூடாக்காத தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப் போடுங்கள். வெயில் நீலத்தைத் தின்றுவிடும். முதல் சில தடவை தண்ணீர் நீலமாக வந்தால் பதற வேண்டாம்; நூலின் மேலே ஒட்டாமல் நின்றதுதான் போகிறது.

கடைசியாக, தையல்காரியாக என் பங்குக்கு ஒன்று. ரெடிமேடு உடைகளில் தையலுக்கு உள்ளே துணியே விடுவதில்லை. உடம்பு கொஞ்சம் கூடினால் அந்த உடை அன்றோடு சரி. பழைய தையல்காரர்கள் ரவிக்கைக்கும் சட்டைக்கும் உள்ளே தாராளமாக விட்டுத் தைப்பார்கள். பிரித்துப் பெரிதாக்கி வருஷக் கணக்கில் போடலாம், தங்கைக்கும் கொடுக்கலாம். ஒரு சட்டை இரண்டு மடங்கு காலம் உழைத்தால், அதற்கான பஞ்சும் சாயமும் தண்ணீரும் பாதியாகக் குறைந்த மாதிரிதான். எந்தப் புது நாரும் இவ்வளவு சுலபமாக இதைச் செய்துவிடாது. நல்ல பருத்தியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே ஒன்றரை இஞ்சு விட்டுத் தைத்துத் தருகிறேன், கூலி அதேதான்.